லட்டின் அவசரம்

சென்ற நவராத்திரியின்போது, மறைமலைநகரில் நண்பர் ஒருவரது இல்லத்துக் கொலுப்படியிலிருந்து செட்டியார் பொம்மையை இறக்கி, ஸ்டாப் மோஷன் முறையில் குறும்படம் எடுக்க முயன்றோம். சற்றே நகர்த்தி ஒரு படம், மீண்டும் நகர்த்தி ஒரு படம், நொடிக்கு 12. மண் பொம்மைக்குக் கை கால் மடங்காது. செட்டியார் நடக்கவில்லை, வழுக்கிச் சென்றார். அதைவிடப் பெருங்குறை, சன்னல் வெயில் நகர நகர நிழலும் அவரைச் சுற்றி ஓடியது.

குறை புதிதன்று. 1908-இல் இங்கிலாந்தில் ஆர்தர் மெல்போர்ன் கூப்பர் விளையாட்டுப் பொம்மைகளைக் கொண்டு உருவாக்கிய ‘ட்ரீம்ஸ் ஆஃப் டாய்லேண்ட்’ படத்திலும் வெயிலின் நிழல்கள் துள்ளுகின்றன. இந்தியாவில் தாதாசாகேப் பால்கே 1915-இல் தீக்குச்சிகளை இவ்வாறு நகர்த்திப் படமாக்கினார்.

தமிழர் பலர் இவ்வித்தையை அதன் பெயர் அறியாமலே கண்டு களித்தது, விஜயா நிறுவனத்தார் 1957-இல் தமிழிலும் தெலுங்கிலும் அளித்த ‘மாயா பஜார்’ படத்தில். கடோத்கசன் கல்யாண விருந்தை உண்ணும் காட்சியில், லட்டுகள் தாமாகவே எஸ்.வி. ரங்காராவின் வாய்க்குள் சென்று சேர்கின்றன. லட்டுக்கும் கை கால் இல்லை. ஆயினும் அதற்கோர் அவசரம் இருக்கிறது. எங்கள் செட்டியாரிடம் இல்லாதது அதுவே. திருச்சி லோகநாதனின் குரலை இன்றும் கொண்டாடும் நாம், ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லேயை ‘தந்திரக் காட்சி’ என்ற ஒற்றைச் சொல்லோடு கடந்துவிடுகிறோம். கூப்பர், பால்கே வரிசையில் அவரையும் வைத்துப் பேசவேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

மறுநாள் சன்னலை அடைத்து, மின்விளக்கொளியில் செட்டியாரைக் கடைநோக்கிச் சற்று விரையச் செய்தோம். 108 படங்கள், 9 நொடி.