சூளையின் சூட்டை அளந்த களிமண்

காய்ச்சலை அளக்கப் பாதரச வெப்பமானி போதும். ஆனால் பீங்கான் சூளையின் வெப்பநிலையை அதைக் கொண்டு அளக்க முடியுமா? முடியாது. பாதரசம் 357° சென்டிகிரேடிலேயே கொதித்துவிடும். அதற்குச் சற்று மேலே கண்ணாடிக் குழாயும் இளகத் தொடங்கும். பீங்கான் வேகவோ ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும்.

18ஆம் நூற்றாண்டில் சூளைக்காரர்கள் நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைக் கணித்தார்கள். மங்கிய சிவப்பு, செர்ரிப் பழச் சிவப்பு, மஞ்சள், வெண்மை என்று அதற்குப் படிகள் இருந்தன. ஒருவர் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிந்தது மற்றொருவருக்கு மஞ்சளாகத் தெரியலாம் அல்லவா? இந்தக் குறையைப் போக்க முன்வந்தவர் ஒரு குயவர். அவர் பெயர் ஜோசையா வெட்ஜ்வுட் (1730-1795).

குயவரின் வெப்பமானி

இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில் எட்ரூரியா என்னும் பெரிய பீங்கான் தொழிற்சாலையை நடத்தியவர் வெட்ஜ்வுட். களிமண் சூட்டில் சுருங்கும் என்பதைக் குயவர் எல்லோரும் அறிவர். அந்தச் சுருக்கத்தையே அளவுகோலாகக் கொண்டால் என்ன என்று அவர் எண்ணினார்.

பித்தளைச் சட்டங்கள் இரண்டை ஒரு பலகையில் பொருத்தினார். அவற்றின் நீளம் 24 அங்குலம். ஒரு முனையில் அவற்றின் இடைவெளி அரை அங்குலம். மறு முனையில் 0.3 அங்குலம். நீளம் முழுவதையும் 240 பாகைகளாகப் பிரித்தார். சிறு களிமண் துண்டைச் சூளையில் சுட்டு, ஆறவிட்டு, இந்தச் சட்டங்களுக்கு இடையே தள்ள வேண்டும். எவ்வளவு சுருங்கியதோ அவ்வளவு தூரம் உள்ளே போகும். அது நிற்கும் இடத்தில் உள்ள எண்ணே சூளையின் சூடு!

1782இல் இக்கருவியைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் அவருடைய கட்டுரை படிக்கப்பட்டது. மறு ஆண்டே அவர் அச்சங்கத்தின் உறுப்பினரானார்.

சூரியனை மிஞ்சிய இரும்பு

வெட்ஜ்வுட் பாகைகளைப் பாரன்ஹீட் அளவோடு இணைக்க வேண்டியிருந்தது. இதற்கு அவர் வெள்ளியின் விரிவை இடைப்பாலமாக்கினார். தாழ்ந்த சூட்டில் வெள்ளியைப் பாதரச வெப்பமானியோடு ஒப்பிட்டார்; செஞ்சூட்டில் அதே வெள்ளியைக் களிமண்ணோடு ஒப்பிட்டார். தம் அளவின் சுழி 1077.5° பாரன்ஹீட் என்றும், ஒவ்வொரு பாகையும் 130° பாரன்ஹீட்டுக்குச் சமம் என்றும் கணக்கிட்டார். அந்தச் சிறு பகுதியில் கண்ட விகிதம் மேலேயும் மாறாது என்று கொண்டார்.

விளைவு என்ன? வார்ப்பிரும்பு 130 பாகையில் உருகியது. கணக்குப்படி அது 17,977° பாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 9,970° சென்டிகிரேடு. சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500° சென்டிகிரேடுதான் என்று இன்று அறிவோம். உலையில் உருகிய இரும்பு சூரியனை விடச் சூடானது என்று கருவி கூறியது!

இன்னொரு பிழையும் இருந்தது. செம்பு 27 பாகையிலும் வெள்ளி 28 பாகையிலும் உருகுவதாக அது காட்டியது. உண்மையில் வெள்ளிதான் முதலில் உருகும். அதற்கு 120 டிகிரிக்கு மேல்தான் செம்பு உருகும். ஆக, அளவு மட்டுமன்றி வரிசையும் தவறு.

காசியில் நடந்த சோதனை

ஒரு கருவி தவறு என்பதை அதைக் கொண்டே கண்டுபிடிக்க முடியாது. வேறொரு தத்துவத்தில் இயங்கும் மற்றொரு கருவி வேண்டும். அப்படிப்பட்ட சோதனைகளுள் சிறந்த ஒன்று நம் நாட்டில் நடந்தது.

காசி நாணயச் சாலையில் உலோகங்களின் மாற்றுப் பார்க்கும் அதிகாரியாக இருந்தவர் ஜேம்ஸ் பிரின்செப். பின்னாளில் பிராமி எழுத்துகளைப் படித்து, அசோகரின் கல்வெட்டுகளை உலகறியச் செய்த அதே பிரின்செப்தான். அவர் தங்கத்தால் ஒரு குமிழ் செய்து, அதில் காற்றை அடைத்து உலைக்குள் வைத்தார். வாயு சூடேறும்போது, ஒவ்வொரு சென்டிகிரேடு டிகிரிக்கும், 0 டிகிரியில் உள்ள பருமனில் சுமார் 273இல் ஒரு பங்கு விரியும். எனவே வெளியேறிய காற்றை அளந்தால் உலையின் வெப்பநிலை தெரிந்துவிடும். தங்கம் 1064° சென்டிகிரேடு வரை உருகாது. ஆகவே வெள்ளியின் உருகுநிலையை அக்குமிழால் அளக்க முடிந்தது.

1828இல் ராயல் சொசைட்டியின் ஏட்டில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. வெள்ளியின் உருகுநிலையைப் பற்றிய மூன்று எண்களை ஒப்பிடுங்கள்:

வெட்ஜ்வுட்: 4,717° பாரன்ஹீட்
பிரின்செப்: 1,830° பாரன்ஹீட்
இன்றைய மதிப்பு: 1,763° பாரன்ஹீட்

தங்கம், வெள்ளி, பிளாட்டினம் ஆகியவற்றை வெவ்வேறு விகிதங்களில் கலந்து, படிப்படியாக உயரும் உருகுநிலைகளையும் பிரின்செப் அமைத்தார். உலையில் எந்தக் கலவை உருகியது, எது உருகவில்லை என்று பார்த்தால் சூடு எந்த இரண்டு படிகளுக்கு இடையில் உள்ளது என்பது விளங்கும். உருக்கிய துண்டையே தட்டி மீண்டும் பயன்படுத்தலாம்.

களிமண் செய்த குற்றம் என்ன?

களிமண் ஒரே சீராகச் சுருங்குவதில்லை. நுண்துகள்கள் ஒட்டிக்கொண்டு இடைவெளிகள் மூடுவதாலேயே அது சுருங்குகிறது. இது சூட்டை மட்டுமன்றி, எவ்வளவு நேரம் சுட்டோம் என்பதையும் பொறுத்தது. நீண்ட நேரம் மிதமான சூட்டில் இருந்த துண்டும், சிறிது நேரம் கடுஞ்சூட்டில் இருந்த துண்டும் ஒரே எண்ணைக் காட்டக்கூடும்.

ஆனால் குயவருக்கு வேண்டியதும் அதுவே! பாண்டம் வெந்ததா என்பதும் சூடு, நேரம் இரண்டையும் பொறுத்ததுதானே? இதனால்தான் 1886இல் ஜெர்மானியர் ஹெர்மன் செகர் அமைத்த, குறித்த அளவு வெந்ததும் வளையும் கூம்புகளின் வழித்தோன்றல்கள் இன்றும் சூளைகளில் பயன்படுகின்றன. வெட்ஜ்வுட்டின் கருவி பதத்தை நன்றாகச் சொன்னது. அதை வெப்பநிலை என்று கொண்டதுதான் பிழை.

1880களில் பிரெஞ்சு வேதியியலார் லெ சாட்டலியே பிளாட்டினம்-ரோடியம் வெப்பமின் இரட்டையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அதையும் தெரிந்த கொதிநிலை, உருகுநிலைகளோடு ஒப்பிட்டுத்தான் அளவிட வேண்டியிருந்தது. 1990ஆம் ஆண்டின் பன்னாட்டு வெப்பநிலை அளவும் வெள்ளி 961.78°, தங்கம் 1064.18°, செம்பு 1084.62° சென்டிகிரேடு என்னும் உறைநிலைகளை நிலையான புள்ளிகளாகக் கொண்டுள்ளது.

ஒரு கருவி ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணைக் காட்டுவதால் மட்டும் அந்த எண் சரியாகிவிடாது. உங்கள் ஆய்வுக்கூட வெப்பமானியை உருகும் பனிக்கட்டியிலும் கொதிநீரின் ஆவியிலும் வைத்துப் பாருங்கள். முதலாவதில் 0° சென்டிகிரேடும், கடல் மட்டத்தை ஒட்டிய ஊராயின் இரண்டாவதில் ஏறத்தாழ 100° சென்டிகிரேடும் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேறுபாட்டைக் குறித்துவைத்துக்கொண்டு, பிறகு சோதனையைத் தொடங்குங்கள்.