கவணும் கண்ணாடித் திரையும்

அரசர்களின் வரலாற்றை எழுதியோர் பலர். போர்களின் வரலாற்றை எழுதியோர் அவரினும் பலர். குழந்தைகள் எவற்றை வைத்துக்கொண்டு விளையாடினார்கள் என்று எழுதியோர் மிகச் சிலரே. பள்ளிப் பிள்ளைகளோடு வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற உரிமையினால், இன்று ஒரு விளையாட்டின் வரலாற்றைத் தங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஒரு பொருளை எறிந்து, அது எங்கே போய் விழும் என்று முன்னதாகவே ஊகிக்கும் விளையாட்டு அது. வயற்காட்டில் பிறந்த அவ்விளையாட்டு இன்று கைபேசியின் கண்ணாடித் திரைக்குள் குடிபுகுந்திருக்கிறது.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி ஆகிய வட்டாரங்களில் கேழ்வரகு முற்றும் காலத்தில் காவல் காப்பது பெரும்பாடு. பகலில் பறவைக் கூட்டம் வரும். இரவில் காட்டு யானை வரும். பரண்மீது ஏறி நின்று, கவணில் கல் வைத்துச் சுழற்றி எறிந்து பறவைகளை ஓட்டுவது மிகப் பழைய வழக்கம். குறிஞ்சி நிலத்துப் பெண்கள் கவண், தட்டை, குளிர், தழல் ஆகிய கருவிகளைக் கொண்டு தினைப்புனத்தில் கிளி கடிந்ததைச் சங்க நூல்கள் கூறுகின்றன. பிள்ளைகள் கையிலுள்ள கவட்டையோ அத்துணைப் பழமையுடையதன்று. 1839-ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், இரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையைக் கண்டார். அதன் பின்னரே இழுத்து விட்டால் விசையோடு சுருங்கும் இரப்பர் எங்கும் கிடைக்கலாயிற்று. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழைய சைக்கிள் டியூபே அதற்குப் போதுமானதாக இருந்தது.

கவட்டையை இழுக்கும் சிறுவன் கணக்கு அறியான். ஆயினும் நேராகக் குறி பார்த்தால் கல் கீழே தாழ்ந்துவிடும் என்பதையும், குறிக்குச் சற்று மேலே எறிய வேண்டும் என்பதையும் அவன் கை அறியும். நூறு கல் வீணான பின்பு வந்த அறிவு அது. அறிஞர்களுக்கும் அவ்வறிவு எளிதில் வரவில்லை. பீரங்கியை எந்தச் சாய்வில் வைத்தால் குண்டு மிகத் தொலைவு செல்லும் என்னும் கேள்வியை ஆராய்ந்து, 45 பாகைச் சாய்வில் என்று இத்தாலியரான டார்ட்டாக்லியா 1537-இல் எழுதினார். எறிந்த பொருளின் பாதை பரவளைவு என்பதைக் கலீலியோ 1638-இல் வெளியிட்டார். 1791-ஆம் ஆண்டு மைசூர்ப் போரில் நம் இராயக்கோட்டையை முற்றுகையிட்டுப் பிடித்த படையினரின் குண்டுகளும், பரண்மீது நின்றவர் எறிந்த கல்லும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவையே.

இவ்விதி விளையாட்டாகத் திரையேறியது எப்போது? 1958-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில். அங்கே பணியாற்றிய வில்லியம் ஹிகின்பாதம் என்னும் பௌதிக அறிஞர், முன்னர் அணுகுண்டு ஆக்கும் பணியில் மின்னணுக் கருவிகளை அமைத்தவர். பின்னர் அணு ஆயுதங்கள் பரவலாகாது என்று வாழ்நாளெல்லாம் பாடுபட்டவர். ஆய்வுக்கூடத்தைப் பார்வையிட வரும் மக்கள் உயிரற்ற காட்சிப் பொருள்களைக் கண்டு சலிப்படைவதை அவர் கவனித்தார். அங்கிருந்த சிறு கணிப்பொறி ஒன்றின் கையேட்டில், ஏவுகணை செல்லும் பாதையையும் துள்ளும் பந்தின் பாதையையும் வரைவது எவ்வாறு என்று எழுதியிருந்தது. அதைக் கொண்டு, மின்னலைகளைக் காட்டும் வட்டத் திரையில் டென்னிஸ் ஆட்டம் ஒன்றை அமைத்தார். திரையின் அகலம் ஏறத்தாழ ஒரு சாண் கூட இல்லை. ஆயினும் புவியீர்ப்பினால் வளைந்து விழும் பந்தை அடித்து ஆட மக்கள் நீண்ட வரிசையில் காத்து நின்றார்கள். அழிவுக் கருவிக்காக எழுதிய கணக்கு அன்று விளையாட்டாக மாறியது. அதற்குக் காப்புரிமை பெற வேண்டும் என்று கூட அப்பெரியார் எண்ணவில்லை.

நான்காண்டுகள் கழித்து, 1962-இல், மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் அவர் நண்பர்களும் விண்கலங்கள் இரண்டு போரிடும் விளையாட்டு ஒன்றை உருவாக்கினார்கள். டான் எட்வர்ட்ஸ் என்பவர் திரையின் நடுவே ஒரு விண்மீனை வைத்து, அதற்கு ஈர்ப்பாற்றலும் கொடுத்தார். அதனால் விரைவாகச் சுடுவது மட்டும் போதாதாயிற்று; விண்மீனின் இழுப்பைத் துணையாகக் கொள்ளத் தெரிந்தவனே வென்றான். 1969-இல் மனிதன் நிலவில் கால் வைத்த சில மாதங்களில், ஜிம் ஸ்டோரர் என்னும் உயர்நிலைப் பள்ளி மாணவர் நிலவில் கலம் இறக்கும் விளையாட்டை எழுதினார். படம் ஒன்றும் கிடையாது. எழுத்தும் எண்ணும் மட்டுமே. பத்து விநாடிக்கு ஒரு முறை எவ்வளவு எரிபொருள் செலவிடுவது என்று சொல்ல வேண்டும். தவறினால் கலம் நொறுங்கியதாகச் செய்தி வரும். மறுபடியும் தொடங்கலாம்.

இந்த ‘மறுபடியும்’ என்னும் சொல்லைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இதன் பொருட்டே என் வாழ்வில் நிகழ்ந்த தவறு ஒன்றை இங்கே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

1991-இல் வெளிவந்த எம்.எஸ். டாஸ் என்னும் கணிப்பொறி முறைமையின் ஐந்தாம் பதிப்போடு ஒரு விளையாட்டும் சேர்ந்து வந்தது. நகரக் கட்டடங்களின்மேல் இரு கொரில்லாக் குரங்குகள் நின்று, ஒன்றன்மேல் ஒன்று வாழைப்பழத்தை எறியும். ஆடுவோர் சாய்வையும் வேகத்தையும் எண்ணால் குறிக்க வேண்டும். காற்று எத்திசையில் வீசுகிறது என்பதைத் திரையின் அடியில் ஓர் அம்புக்குறி காட்டும். அக்காலத்தில் நான் பௌதிகம் கற்பித்த பள்ளியில் இரண்டு கணிப்பொறிகள் இருந்தன. உணவு இடைவேளையில் ஒரு மாணவன் அவ்விளையாட்டை ஆடக் கண்டு, அவனை வெளியே நிற்க வைத்தேன். மறுநாள் வகுப்பில், “எந்தச் சாய்வில் எறிந்தால் பொருள் மிகத் தொலைவு செல்லும்?” என்று கேட்டேன். அவன் எழுந்து, “காற்று எதிரே வீசினால் 45 பாகை ஆகாது, ஐயா, சற்றுத் தாழ்த்தி எறிய வேண்டும்” என்றான். பாடநூலில் 45 பாகை என்றே இருந்தது. “தவறு, உட்கார்” என்றேன். வகுப்பு சிரித்தது. அந்த ஆண்டு முழுவதும் அவன் என் வகுப்பில் மறுபடியும் வாய் திறக்கவில்லை. பின்னர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் கடைசல் எந்திரத்தில் வேலைக்குச் சேர்ந்தான் என்று அறிந்தேன். அவன் சொன்னதே சரி. கணக்கிட்டுப் பார்த்திருந்தால் எனக்கும் அன்றே விளங்கியிருக்கும்.

நேயர்களே, மேலே செல்வோம். இத்தகைய விளையாட்டுகளுக்கு அடித்தளமாக விளங்கும் கணக்கு எத்துணை எளியது என்று காட்ட விரும்புகிறேன். கல் ஒன்று நிலைத்த நிலையிலிருந்து விழுகிறது. ஒவ்வொரு விநாடிக்கும் அதன் வேகம் விநாடிக்குப் பத்து மீட்டர் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் விநாடியில் அது 5 மீட்டர் விழ வேண்டும். கணிப்பொறியோ வேகத்தைக் கூட்டி, அந்த வேகத்தில் சென்ற தொலைவையும் கூட்டுவது அன்றி வேறொன்றும் செய்வதில்லை. விநாடியை ஒரே படியாகக் கொண்டு கூட்டினால் விடை 10 மீட்டர் என்று வரும், பெரும்பிழை. பத்துப் படிகளாகப் பகுத்துக் கூட்டினால் ஐந்தரை மீட்டர். 60 படிகளாகப் பகுத்தால் 5 மீட்டர் 8 சென்டிமீட்டர். கண் அப்பிழையைக் காணாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த கூட்டல்தான். விநாடிக்கு 60 முறை சலிக்காமல் செய்வதே எந்திரத்தின் சிறப்பு.

இக்கூட்டலோடு, பொருள்கள் மோதும்போதும் அடுக்கு சரியும்போதும் நிகழ்வனவற்றையும் சேர்த்து, ‘பாக்ஸ் டூ டி’ என்னும் நிரல் தொகுதியை எரின் காட்டோ என்பவர் அமைத்தார். 2006-இல் விளையாட்டு ஆக்குவோர் மாநாட்டில் அதன் அடிப்படையை விளக்கினார். பின்னர் எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம் என்று வழங்கினார். பின்லாந்தின் எஸ்போ நகரிலுள்ள ரோவியோ நிறுவனம், முன்னரே ஐம்பதுக்கு மேற்பட்ட விளையாட்டுகளை வெளியிட்டும் பெரும்புகழ் பெறாதிருந்தது. அங்கே பணியாற்றிய ஜாக்கோ ஈசலோ வரைந்த கோபக்காரப் பறவைகளின் படத்தையும், காட்டோவின் தொகுதியையும் கொண்டு 2009-ஆம் ஆண்டு டிசம்பரில் ‘ஆங்ரி பேர்ட்ஸ்’ என்னும் விளையாட்டு பிறந்தது. முட்டையைத் திருடிய பன்றிகளின் கோட்டைமேல் பறவைகளைக் கவட்டையில் வைத்து எறிய வேண்டும். நம் முன்னோர் பறவைமேல் கல்லை எறிந்தார்கள். இங்கே பறவையே கல்லாயிற்று.

இது வெறும் கற்பனையா, உண்மைப் பௌதிகமா என்று அமெரிக்கப் பேராசிரியர் ரெட் அலேன் 2010-இல் ஆராய்ந்தார். திரைப்படத்தைக் கட்டம் கட்டமாக அளந்து, பறவையின் கிடைவேகம் மாறாதிருப்பதையும், கீழ்நோக்கிய வேகம் சீராகக் கூடுவதையும் கண்டார். கலீலியோ சொன்ன விதியே அது. அது நம் பூமியில் நிகழ்வதானால் கவட்டையின் உயரம் ஏறத்தாழ 5 மீட்டராகவும், பறவை ஏறத்தாழ 70 சென்டிமீட்டராகவும் இருக்க வேண்டும் என்றும் கணக்கிட்டார். காற்றின் தடை மட்டும் அவ்விளையாட்டில் இல்லை.

அப்பறவை முதலில் பறந்தது ஐபோன் என்னும் கைபேசியில். அக்கைபேசியின் புறக்கூட்டை இன்று நம் ஓசூருக்கு அருகிலுள்ள டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் செய்கிறார்கள். அங்கே உழைப்போரில் இளம்பெண்கள் மிகப் பலர். விளையாட்டை ஆக்கும் தொழிலும் நமக்கு அயலன்று. நம் எல்லைக்கு அப்பால், பெங்களூரில், 1997-ஆம் ஆண்டிலேயே துருவா இன்டராக்டிவ் என்னும் நிறுவனம் அத்தொழிலைத் தொடங்கியது.

இனிக் கவலைக்குரிய பகுதிக்கு வருகிறேன். முதலில் வந்த ஆங்ரி பேர்ட்ஸை ஒரு டாலருக்கும் குறைந்த விலை கொடுத்து வாங்கிவிட்டால், எத்தனை முறை தோற்றாலும் கேட்பாரில்லை. பிள்ளை இருபது முறை எறிவான். ஒவ்வொரு முறையும் சாய்வைச் சிறிது மாற்றுவான். இருபத்தோராம் முறை கோட்டை சரியும். ஊகித்தல், சோதித்தல், திருத்துதல் என்னும் விஞ்ஞான முறை முழுவதும் அதில் அடங்கியிருந்தது. 2015-இல் வந்த இரண்டாம் விளையாட்டு விலையின்றிக் கிடைத்தது. ஆனால் சில முறை தோற்றவுடன் ஆட்டம் நின்றுவிடும். காத்திருக்க வேண்டும், அன்றேல் மீண்டும் ஆட வழி தேட வேண்டும். பணம் கொடுத்தால் உடனே கிடைக்கும். இன்று இத்தகைய விளையாட்டுகள் பலவற்றின் வழக்கம் இதுவே. விதி மாறவில்லை, பரவளைவு மாறவில்லை. தவறுக்கு விலை வைத்தார்கள், அவ்வளவே. அத்துடன் அவ்விளையாட்டினுள் இருந்த ஆசிரியர் வெளியேறிவிட்டார்.

வணிகரைக் குறை கூறும் தகுதி எனக்கு உண்டா என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. அந்த மாணவனின் விடைக்கு வகுப்பாரின் சிரிப்பை விலையாக வைத்தவன் நான். அவன் தவறு கூடச் செய்யவில்லை. செய்திருந்தாலும், மறுபடியும் முயல அவனுக்கு உரிமை இருந்தது.

ஆகவே பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் நான் கூறுவது இது. பிள்ளையின் கையிலுள்ள கைபேசியைப் பறிப்பதற்கு முன், அவன் ஆடும் விளையாட்டு தோல்விக்குப் பணம் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்குமாயின் விலக்குங்கள். கேளாதாயின் அருகே அமர்ந்து, “ஏன் அங்கே விழுந்தது?” என்று வினவுங்கள். பின்னர் அவனை வெளியே அழைத்துச் செல்லுங்கள். காற்றும் கல்லின் எடையும் திரைக்குள் இல்லை.

சென்ற மாதம் என் பேரனை இராமநாயக்கன் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றேன். நீரில் கல் எறிந்து, எச்சாய்வில் எறிந்தால் தொலைவு மிகுதி என்று சோதித்தான். “தாத்தா, 45 பாகையைவிடத் தாழ்த்தி எறிந்தால்தான் எனக்குத் தொலைவு போகிறது. விளையாட்டில் அப்படி இல்லையே?” என்று கேட்டான். கை உயரத்தாலும், தாழ்ந்த சாய்விலேயே மனிதக் கை விசையோடு எறிய வல்லது என்பதாலும் அவ்வாறு நிகழ்கிறது. அது எனக்குத் தெரியும். ஆயினும் அன்று நான் அதைச் சொல்லவில்லை. “நீயே காரணம் கண்டுபிடி, மறுபடியும் எறிந்து பார்” என்றேன். பொழுது சாயும் வரை எறிந்துகொண்டிருந்தான்.