மஞ்சள் மலரின் இரு பெயர்கள்

பசிபிக் மாகடலின் நடுவே அமைந்த ஹவாய்த் தீவுகள் 1959-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஐம்பதாவது மாநிலமாயின. அம்மாநிலத்தின் மலராக 1988-இல் சட்டத்தால் ஏற்கப்பட்டது, செம்பருத்தி இனத்தைச் சேர்ந்த ஒரு மஞ்சள் பூவாகும். அதனைப் பூக்கும் புதர்ச்செடிக்குப் பெயர்கள் இரண்டு: ஒன்று அத்தீவு மக்கள் வழங்குவது, மற்றொன்று தாவர நூலார் இட்டது.

மக்கள் வழங்கும் பெயர் ‘மஓ ஹௌ ஹெலே’ என்பது. ‘மஓ’ என்னும் சொல் பச்சை நிறத்தைக் குறிக்கும். அத்தீவுகளுக்கே உரிய பருத்திச் செடிக்கும் அதுவே பெயர். ‘ஹௌ’ என்பது நம் நாட்டுக் கடற்கரைகளிலும் வளரும் நீர்ப்பருத்தி மரம். ‘ஹெலே’ என்றால் செல்லுதல். எனவே, ‘இடம்விட்டுச் செல்லும் பச்சை நீர்ப்பருத்தி’ என்று பொருள் உரைப்பர். பருத்தி, செம்பருத்தி, நீர்ப்பருத்தி ஆகிய மூன்றும் ஒரே தாவரக் குடும்பத்தவை. தமிழ்ப் பெயர்களில் வெளிப்படையாகத் தோன்றும் அவ்வுறவின் சாயலை ஹவாய்ப் பெயரிலும் காண்கிறோம்.

தாவர நூலார் இட்ட பெயர் ‘ஹைபிஸ்கஸ் பிராக்கன்ரிட்ஜி’. முற்சொல் பழைய கிரேக்க மொழியில் இக்குடும்பச் செடி ஒன்றுக்கு வழங்கிய பெயரிலிருந்து வந்தது. பிற்சொல் ஒரு தோட்டக்கலைஞரின் பெயர். ஸ்காட்லாந்தில் பிறந்த வில்லியம் பிராக்கன்ரிட்ஜ், 1838 முதல் 1842 வரை உலகைச் சுற்றிய அமெரிக்க ஆய்வுக் கப்பற்படையுடன் சென்றவர். அப்பயணத்தில் திரட்டிய செடிகளை ஆராய்ந்த ஆசா கிரே என்னும் தாவர அறிஞர், 1854-இல் அவர் பெயரை இதற்குச் சூட்டினார்.

‘செல்வது’ எனப் பெயர் பெற்ற இச்செடியோ, ஹவாய்த் தீவுகளன்றி வேறெங்கும் இயற்கையில் வளர்வதில்லை. அதனை நாடி வந்தவை பிற உயிர்களே. 1778-இல் காப்டன் குக்கின் கப்பல்களில் ஆடுகள் வந்தன. 1793-இல் வான்கூவர் மாடுகளைக் கொணர்ந்தார். வறண்ட சரிவுகளில் வளரும் இப்புதரை அவை மேய்ந்தும் மிதித்தும் அழித்தன. அயல்நாட்டுப் புற்கள் பரவவே, காட்டுத்தீயும் அடிக்கடி மூண்டது. 1994-இல் அமெரிக்க அரசு இதனை அழியும் நிலையிலுள்ள செடிகளின் பட்டியலில் சேர்த்தது.

இன்று வேலியிட்ட நிலங்களில் இதன் கன்றுகளை நட்டு வளர்க்கின்றனர். தோட்டத்தில் இது எளிதில் பூக்கும், அரிதாகிவிட்டது காட்டிலேதான். சட்டத்திலும் அகராதியிலும் பெயர் நிலைத்திருப்பது எளிது. அப்பெயருக்கு உரிய செடி தன் மலைச்சரிவில் தானே விதை சிந்தி முளைக்க வேண்டும். அந்நாளில்தான் அதனைக் காத்தோர் உழைப்பு முழுமை பெறும்.