யார் சாட்சி?

ஹிப்பி என்றால் நம்மூரில் நீள்முடி, பெல்பாட்டம், கஞ்சா. 'கெட்டுப்போன பிள்ளைங்க' என்று ஒரே போடாகப் போட்டு முடித்துவிட்டோம். அந்த ஆண்டுகளின் கலகத்துக்குள் ஒரு கேள்வி இருந்தது: யார் யாரோடு வாழலாம் என்று தீர்மானிக்கிற அதிகாரம் யாருடையது?

1967 கோடையில் ஹிப்பிகள் சான் பிரான்சிஸ்கோவில் திரண்டார்கள். அந்த ஜூன் 12 அன்று, வெள்ளையரான ரிச்சர்ட் லவிங்கும் கறுப்பினப் பெண்ணான மில்ட்ரெடும் தொடுத்த வழக்கில், இனக்கலப்பு மணத்துக்கு 16 மாநிலங்களில் இருந்த தடையை அமெரிக்க உச்சநீதிமன்றம் செல்லாததாக்கியது. இவர்கள் ஹிப்பிகள் அல்ல. 1958இல் கல்யாணமான சில வாரங்களில் படுக்கையறைக்குள் புகுந்து போலீஸ் பிடித்துக்கொண்டு போன கிராமத்துத் தம்பதி.

அதே 1967இல் இங்கே அண்ணா அரசு சுயமரியாதைத் திருமணச் சட்டத்திருத்தத்தைக் கொண்டுவந்தது. 1968 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது. புரோகிதர் வேண்டாம், அக்கினி வேண்டாம். மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும். ஆனால் உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் நடக்கணும். புரோகிதரை எழுப்பி அனுப்பியாச்சு. ஊர் எழுந்திருக்கவே இல்லை.

நம் இளைஞர்களும் அப்போது சும்மா இருக்கவில்லை. 1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போரில், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் சிதம்பரத்தில் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார். அந்தத் தலைமுறை ஆட்சியையே மாற்றியது. தமிழர் என்ற பெருங்கதையாடலுக்குள் ஊரும் சேரியும் கரைந்துவிட்டதாக நம்பவும் வைத்தது.

அதே பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பொறியியல் படித்தவர் முருகேசன். தலித். விருத்தாசலத்தை ஒட்டிய புதுக்கூரைப்பேட்டைக்காரர். அவ்வூர் வன்னியர் குடும்பத்துக் கண்ணகியை 2003 மே 5 அன்று கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். யாருக்கும் தெரியாமல்தான். ஜூலை 8 அன்று இருவருக்கும் விஷம் புகட்டிக் கொன்று எரித்தார்கள். முருகேசனின் உறவினர்களையே போலீஸ் முதலில் குற்றவாளிகளாகச் சேர்த்தது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போய், 2021 செப்டம்பரில்தான் 13 பேர் தண்டிக்கப்பட்டார்கள். அதில் இருவர் போலீஸ் அதிகாரிகள். மேல்முறையீடுகளை 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இருபத்திரண்டு வருஷம்.

இடையில் சாட்சிகளில் பலர் பிறழ்ந்தார்கள். கல்யாணத்துக்கு ஊரைக் கூப்பிட முடியாது. கொலையின்போது ஊர் இருந்தது. கோர்ட்டில் வாயைத் திறக்கணும் என்றபோது ஊரைக் காணோம்.

லவிங் தம்பதியைத் துரத்தியது சட்டம். சட்டம் விழுந்ததும் சொந்த மாநிலத்தில் வாழ முடிந்தது. இங்கே சட்டம் என்றைக்கோ அனுமதித்துவிட்டது. துரத்துவது சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒன்று. அதனால்தான் வழக்கறிஞர் அறையில் ரகசியமாய் நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 2014இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னதை, 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் நிராகரிக்க வேண்டிவந்தது. ஊரறிய அறிவிப்பது சிலருக்கு உயிராபத்து என்பதை அத்தீர்ப்பு ஒப்புக்கொண்டது.

காதலைக் கலகம் என்று எழுதிவிடுவது நமக்குச் சுலபம். பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ் ஏறிவிடுவதும் சுலபம்தான். அந்த இருவரும் திரும்பிப் போக வேண்டிய தெருவில், மறுநாள் காலையில் நம்மில் யார் இருப்போம்?