அத்திரியும் குங்காவும்: தொல்லெச்சங்களில் கலப்பின வேலை விலங்குகள்

இருவேறு விலங்கினங்களை இணைசேர்த்து மனிதர் உருவாக்கிய சுமை, வண்டி, சவாரி விலங்குகளை அகழாய்வில் கிடைக்கும் எலும்பு, பல், மரபணு ஆகியவற்றைக் கொண்டு இனங்காண்பது விலங்குத் தொல்லியலின் கடினமான பணிகளுள் ஒன்று. பெண் குதிரைக்கும் ஆண் கழுதைக்கும் பிறக்கும் கோவேறு கழுதையே இவ்வகையில் உலகம் நன்கு அறிந்தது. அது மலட்டு விலங்கு. அதனால் ஒவ்வொரு தலைமுறையையும் மனிதரே புதிதாக உண்டாக்க வேண்டும். மண்ணுக்குள் அதன் எலும்பு ஒன்று கிடைத்தால் போதும். அந்த ஊரிலோ, அதை அனுப்பிவைத்த ஊரிலோ குதிரையும் கழுதையும் வளர்த்து, இரண்டையும் சேர்க்கத் தெரிந்த கைகள் இருந்தன என்பது உறுதியாகிவிடும்.

தமிழகத்தில் எலும்பை முந்திக்கொண்டு இலக்கியம் சாட்சி சொல்கிறது. சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத் தலைவன் அத்திரி ஏறி உப்பங்கழியைக் கடந்து காதலியைப் பார்க்க வருகிறான். நற்றிணையின் 278ஆம் பாடலில் கழிச்சேற்றில் நடந்துவந்த அத்திரியின் குளம்பில் சிவந்த இறால்கள் சிக்கியிருக்கின்றன. அகநானூற்றின் 120ஆம் பாடலிலோ சுறா தாக்கிய காலோடு அது தளர்ந்து நிற்கிறது. விலங்கைப் பக்கத்தில் நின்று பார்க்காதவர் எழுதக்கூடிய செய்திகள் அல்ல இவை. சிலப்பதிகாரத்தில் மாதவி வண்டியில் வர, கோவலன் அத்திரி மேலேறிப் புகார்க் கடற்கரைக்குச் செல்கிறான். அத்திரி என்பதற்குக் கோவேறு கழுதை என்றே உரைகாரர்கள் பொருள் கொண்டனர்.

பாட்டில் இவ்வளவு தெளிவாக நடமாடும் விலங்கை எலும்பில் பிரித்தறிவது எளிதன்று. குதிரை, கழுதை, காட்டுக்கழுதை எல்லாம் ஒரே பேரினம். எலும்புகளின் அளவுகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். தமிழகத்தின் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டறிந்த அந்தத் தொல்பழங்கால இடத்தை 1999 முதல் சாந்தி பப்பு குழுவினர் மீண்டும் அகழ்ந்தனர். அங்கே கற்கருவிகளோடு கிடைத்த விலங்குப் பற்களில் ஒன்று குதிரைப் பேரினத்தைச் சேர்ந்தது. வளர்ப்பு விலங்குகள் தோன்றுவதற்கு எத்தனையோ காலம் முந்திய பல் அது. கலப்பினக் கேள்வி அங்கே எழாது. பேரினம் வரைக்கும் சொல்லி நிறுத்திக்கொண்ட அந்த நிதானம்தான் இத்துறைக்கு முதல் பாடம்.

அந்த நிதானம் குலைந்தால் என்ன நேரும் என்பதற்குக் கட்ச் பகுதியின் சுர்கோட்டடா சான்று. 1971–72இல் ஜே. பி. ஜோஷி அகழ்ந்த அந்த அரப்பா கால ஊரில் கிடைத்த எலும்புகளைக் குதிரையுடையவை என்று ஏ. கே. சர்மா 1974இல் அறிவித்தார். அங்கேரிய விலங்குத் தொல்லியலாளர் சாந்தோர் பொக்கோனி அவற்றை 1991இல் பார்த்து ஆமோதித்தார். ரிச்சர்ட் மெடோவும் அஜிதா பட்டேலும் ஏற்கவில்லை. அதே கட்ச் மண்ணில் இன்றும் திரியும் காட்டுக்கழுதையின் எலும்பாக அவை இருக்க முடியாது என்று எப்படி உறுதி சொல்வது என்பது அவர்கள் கேள்வி. ஆரியர் வருகை குறித்த அரசியல் சச்சரவு இதன் மேல் ஏறி உட்கார்ந்ததால், பல் சொன்னதைவிடப் பேசியவர்கள் சொன்னதே பெரிதாகிப்போனது.

ஆய்வாளர் முதலில் தேடுவது கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல். மெல்லும் பரப்பில் எனாமல் வளைந்து நெளிந்து ஓடும். நாக்குப் பக்கத்தில் இரு வளையங்களுக்கு நடுவே உள்ள பள்ளம் குதிரைக்குப் ‘ப’ எழுத்தைப் போல அகன்றிருக்கும். கழுதைக்குக் கூர்ந்து ஒடுங்கும். கன்னப் பக்கத்து மடிப்பு குதிரையின் பல்லில் உள்ளே ஆழமாகப் புகும், கழுதையின் பல்லில் புகாது. கோவேறு கழுதை இரண்டுக்கும் இடையில் நின்று குழப்பும். பல் தேயத் தேய இந்த வடிவங்களும் மாறும் என்பதால் வயதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இத்துறையின் ஆகப் பெரிய வெற்றி சிரியாவில் வாய்த்தது. உம் எல்-மர்ரா என்ற இடத்தில் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முந்திய மேட்டுக்குடிக் கல்லறைகளின் அருகே, குதிரை வகை விலங்குகள் தனிக் குழிகளில் முழு உடலாகப் புதைக்கப்பட்டிருந்தன. அனைத்தும் ஆண். பற்களில் கடிவாளம் தேய்த்த தடம். எலும்புகளின் அளவு கழுதைக்கும் பொருந்தவில்லை, காட்டுக்கழுதைக்கும் பொருந்தவில்லை. மெசொப்பொத்தாமியக் களிமண் ஏடுகள், கழுதையைப்போல் ஆறு மடங்கு வரை விலை போன ‘குங்கா’ என்ற விலங்கைச் சொல்கின்றன. அதுதான் இது என்று ஜில் வெபர் கருதினார். 2022இல் ஆண்ட்ரூ பென்னட், ஏவா-மரியா கெய்கல் உள்ளிட்ட பாரிஸ் ஆய்வாளர்கள் மரபணுவைக் கொண்டு அதை உறுதிசெய்தனர்: தாய் வளர்ப்புக் கழுதை, தந்தை சிரியக் காட்டுக்கழுதை. அந்தக் காட்டுக்கழுதையோ இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அழிந்துவிட்டது. வியன்னா விலங்குக்காட்சிச் சாலையில் வாழ்ந்து மடிந்தவற்றின் உடல்கள் பத்திரமாக வைக்கப்பட்டிருந்ததால்தான் ஒப்பிட முடிந்தது.

மரபணுச் சோதனையிலும் ஒரு கண்ணி உண்டு. மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வரும். அதை மட்டும் படித்தால் கோவேறு கழுதை குதிரையாகத்தான் தெரியும். குதிரைக்கு 64, கழுதைக்கு 62, கோவேறு கழுதைக்கு 63 குரோமோசோம். இரு பெற்றோரின் தடமும் உட்கரு மரபணுவில்தான் சேர்ந்து கிடைக்கும். இதற்காகவே 2017இல் ‘சோங்கி’ என்ற கணினி முறை வெளியானது. சிதைந்த பழைய மரபணுத் துணுக்குகளிலிருந்தும் கலப்பினத்தை அது பிரித்துக் காட்டுகிறது.

தமிழகத்துக்குத் திரும்பினால், கீழடியில் ஆய்வுக்கு அனுப்பிய 70 எலும்புத் துண்டுகளை மாடு, எருமை, ஆடு, நீல்காய், வெளிமான், காட்டுப்பன்றி, மயில் என்று புணே டெக்கான் கல்லூரி இனங்கண்டது. அது உள்நாட்டு ஊர். அத்திரியைத் தேட வேண்டிய இடங்கள் பாட்டு காட்டும் கழிமுகங்களே: புகார், கொற்கை, அழகன்குளம், அரிக்கமேடு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் தொல்மரபணு ஆய்வகமும் வந்துவிட்டது. துறைமுகக் குழிகளில் கிடைக்கும் தாடைத் துண்டு ஒவ்வொன்றையும் கழுவித் தேய்க்காமல், அடுக்கு எண்ணோடு உலர்வாக எடுத்துவைத்தால் அங்கே கொண்டுபோகலாம். செவியெலும்பு கிடைத்தால் இன்னும் நல்லது. மரபணு அதில்தான் நெடுங்காலம் தங்குகிறது. ஒப்பிட்டுப் பார்க்க, வயதும் பெற்றோரும் தெரிந்த இன்றைய கோவேறு கழுதைகளின் எலும்புக்கூடுகள் தமிழக அருங்காட்சியகங்களில் சேர வேண்டும். ராணுவமும் மலைக்கிராமங்களும் இன்றும் அவற்றைச் சுமைக்கு வைத்திருப்பதால் அது எட்டாத காரியமில்லை.