வண்ணக்கனின் கண்

சங்கத் தொகைநூல்களின் புலவர் பெயர்களை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால் வடம வண்ணக்கன் தாமோதரனார், வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், வண்ணக்கன் சோருமருங்குமரனார் என்று ஒரு தொழிற்பெயர் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும். வண்ணக்கன் என்றால் நாணயம் நோட்டம் பார்ப்பவன். பாட்டெழுதிய கையோ அக்கையின் முன்னோர் கையோ காசைப் புரட்டிப் பார்த்த கையாகவும் இருந்தது என்பது இலக்கிய வாசகர்களாகிய நமக்கு உவப்பான செய்தி.

ரோமிலும் இவருக்கு ஒத்த தொழிலினர் இருந்தனர். அவர்களை நும்முலாரியஸ் என்றனர். சோதித்து முடித்த காசுகளைப் பையிலிட்டு முத்திரையிட்டு, எலும்பிலோ தந்தத்திலோ செய்த சிறு துண்டு ஒன்றைக் கட்டிவிடுவார்கள். அதில் சோதித்த அடிமையின் பெயர், எசமானன் பெயர், நாள், இவற்றோடு 'ஸ்பெக்டாவிட்', அதாவது 'பார்த்தான்' என்ற ஒரு சொல். அந்தத் துண்டுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

அவர்கள் எதைப் பார்த்தார்கள்? அகஸ்டஸ் காலத்து வெள்ளித் தினாரியஸ் சுமார் 3.8 கிராம் எடை கொண்டது. கள்ளக் காசு செய்பவன் செப்புத் துண்டு ஒன்றை மெல்லிய வெள்ளித் தகட்டால் போர்த்து, இரண்டும் சேருமிடம் இளகி ஒட்டும்வரை சுடவைத்து, பிறகு அச்சடித்தான். இன்றைய நாணயவியலார் இதை ஃபூரே என்ற பிரெஞ்சுப் பெயரால் அழைக்கிறார்கள். வெள்ளியை விடச் செம்பு இலேசானது. ஆகவே அளவு சரியாக இருந்தால் எடை குறையும், எடையைச் சரிக்கட்டினால் காசு தடித்துவிடும். நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்த பின், போர்வை கிழிந்த விளிம்பில் பச்சைக் களிம்பு எட்டிப் பார்க்கும். குடியரசுக் காலத்தில் விளிம்பில் அரம்போலப் பல்வெட்டிய தினாரியஸ்கள் வெளிவந்தன. உள்ளே செம்பில்லை என்று காட்டவே அந்த வெட்டு என்று சொல்வதுண்டு. ஆனால் பல்வெட்டிய ஃபூரேக்களும் கிடைத்திருக்கின்றன! காப்பு எதுவானாலும் கள்ளன் அதையும் சேர்த்தே படியெடுக்கிறான்.

இவ்விடத்தில் பிளினி சொல்லும் இலங்கைக் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. கிளாடியஸ் காலத்தில், காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கைக் கரையை அடைந்த ரோமானியன் ஒருவனிடமிருந்த தினாரியஸ்களை அந்நாட்டு அரசன் பார்த்தானாம். வெவ்வேறு பேரரசர்களின் முகங்கள் இருந்தும் எடை ஒன்றாகவே இருந்தது கண்டு வியந்து ரோமுக்குத் தூதனுப்பினானாம். கதையில் மிகையிருக்கலாம். ஆனால் அரசன் பார்த்தது முகத்தை அன்று, எடையை. நாணயம் என்ற ஒரே சொல்லால் காசையும் நேர்மையையும் குறிக்கும் நமக்கு இக்கதை அந்நியமாகத் தோன்றாது.

கள்ளக் காசை விடச் சுவையானது பிழைக் காசு. ரோமானிய அக்கசாலையில் கீழச்சின் மேல் உலோகப் பில்லையை வைத்து, மேலச்சைப் பொருத்திச் சம்மட்டியால் அடித்தார்கள். சில வேளை அடித்த காசு மேலச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். பணியாள் கவனிக்காமல் அடுத்த பில்லையை வைத்து அடித்தால், ஒட்டியிருந்த காசே அச்சாகிவிடும். விளைவு: ஒருபுறம் அரசன் தலை புடைப்பாகவும், மறுபுறம் அதே தலை குழிவாகவும் இடவலம் மாறியும் விழும். இதற்குப் பிராக்கேஜ் என்று பெயர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவன் ஒரு கணம் அசந்துபோனதை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் ஆவணம் வேறு என்ன இருக்கிறது?

இதையும் போலி செய்கிறார்கள். ஒரு நல்ல காசைப் பட்டறைப் பிடியில் வைத்து மற்றொன்றின் மேல் அழுத்தினால் குழிவு கிடைக்கும்; ஆனால் எதிர்ப்பக்கத்து உருவம் நசுங்கிவிடும். உண்மைப் பிராக்கேஜில் எதிர்ப்பக்கம் கூர்மையாகவே நிற்கும். ஆகவே சேகரிப்பவர் 'இது விசித்திரமாக இருக்கிறதா' என்று கேட்பதில் பயனில்லை. அக்கசாலையின் வேலை வரிசையில் எந்த இடத்தில் இப்படி நடந்திருக்க முடியும் என்று கேட்க வேண்டும். விடை இல்லையென்றால் அது பிழைக் காசு அன்று, பட்டறைச் சரக்கு. இருபுறமும் தலையுள்ள ரூபாய் என்று விலை பேசுவோரிடமும் இதே கேள்விதான். அவற்றில் பல, ஒரு காசைக் குடைந்து மற்றொன்றைச் செதுக்கிப் பொருத்தியவை. விளிம்பின் உட்புறம் நகத்தால் தடவினால் பொருத்து தட்டுப்படும்.

வார்ப்புப் போலிகளைப் பிடிக்கும் வழியும் பிழையில்தான் இருக்கிறது. கையால் அடித்த காசில் அச்சு ஒன்றாக இருக்கலாம். பில்லையின் வடிவமும், உருவம் மையம் விலகிய அளவும், விளிம்பின் வெடிப்பும் காசுக்குக் காசு மாறும். அச்சிலேயே விழுந்த விரிசல் மட்டும் எல்லாக் காசுகளிலும் தொடரும், அடி கூடக்கூட வளரும். இரண்டு காசுகளில் ஒரே கீறல், ஒரே வெடிப்பு, ஒரே கோணல் இருந்தால் இரண்டும் ஒரே வார்ப்பின் பிள்ளைகள், அல்லது ஒன்று மற்றதன் பிள்ளை. உருப்பெருக்கியில் குமிழிக் குழிகளும் மழுங்கிய எழுத்துக்களும் தெரிவது அதற்கு மேற்பட்ட சாட்சி.

வார்க்காமல் அச்சு வெட்டியே ஏமாற்றியவர் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830). இந்த ஜெர்மானியர் 300க்கும் மேற்பட்ட அச்சுக்களைத் தம் கையாலேயே வெட்டினார். சில வேளை உண்மையான பழங்காசையே பில்லையாக்கி அதன்மேல் அடித்தார். உலோகச் சோதனையும் தோற்றது. புதுக்கருக்கு நீங்க, காசுகளை இரும்புத் தூளோடு பெட்டியிலிட்டுக் குதிரை வண்டியில் கட்டி ஊர் சுற்றினார். அவரைக் கலைஞர் என்று புகழ்வோர் உண்டு. கைத்திறன் பெரிதுதான், ஆனால் அவர் இட்டுக்கட்டிய ஒவ்வொரு காசும் வரலாற்றில் ஒரு பொய்ச்சாட்சி என்பதை மறந்துவிட்டு நம்மால் புகழ இயலவில்லை.

நம் மண்ணின் வழக்கு இன்னும் சிக்கலானது. 1898ல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் ஹில் அதை ஆராய்ந்து எழுதினார். பெரும்பாலான காசுகளில் பேரரசன் தலைக்குக் குறுக்கே ஓர் உளிவெட்டு. போலியா என்று சோதித்த வெட்டு எனச் சிலர் கூறுவர். இனிக் காசாகச் செல்லாது, பொன்னாக மட்டுமே கொள்க என்ற அடையாளம் என்பது ஹில்லின் கருத்து. நாம் ஹில்லின் பக்கமே சாய்கிறோம். பொன்னைச் சோதிக்க உரைகல் போதும். தென் தாய்லாந்தில் தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்த பொற்கொல்லன் உரைகல் ஒன்று, 3 அல்லது 4ஆம் நூற்றாண்டினது, கிடைத்திருக்கிறது. கல்லைக் கடல் கடந்து கொண்டுசென்ற மரபினர் சோதனைக்காக முகத்தையே குறிவைத்து வெட்டியிருக்க வேண்டியதில்லை.

சந்தையில் இந்த வெட்டுக் காசுகளுக்கு மதிப்புக் குறைவு, அழகு கெட்டதாம். ரோமில் அடிக்கப்பட்ட காசு ரோமின் கதையைச் சொல்லும். அது இங்கே என்ன ஆயிற்று என்று சொல்வது அந்த வெட்டு மட்டுமே. வெட்டின் விளிம்பு காசைப் போலவே தேய்ந்து மழுங்கியிருக்கிறதா, புதுக்கூர்மையோடு இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கள்ளக் காசைத் தேடி வாங்குவோர் அன்றும் இருந்தனர். போலித் தினாரியஸ் ஒன்றை மாதிரிக்காகப் பல நல்ல தினாரியஸ்கள் கொடுத்து வாங்குகிறார்கள் என்று அதே பிளினி எழுதியிருக்கிறார். இன்று பெக்கரின் போலிகளுக்கும் தனிச் சேகரிப்பாளர்கள் உண்டு. அவர் வெட்டிய அச்சுக்கள் பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.