அரையாண்டு லீவுக்கு ஊருக்குப் போறீங்களா? மழை, உறைபனி, மூடுபனி... எந்த ரூட்டில் எதைக் கவனிக்கணும்?

ரயில் டிக்கெட்டை 60 நாட்களுக்கு முன்பே போட்டுவிடலாம். ஆனால் கிளம்பும் நாளில் கனமழை இருக்குமா என்பது நாலைந்து நாட்களுக்கு முன்புதான் ஓரளவு தெளிவாகும். டிசம்பர் கடைசி வாரம் தொடங்கி பொங்கல் வரை ஊருக்கும் சுற்றுலாவுக்கும் கிளம்புபவர்களுக்கு இந்த இடைவெளிதான் சிக்கல். எந்தப் பகுதியில் என்ன எதிர்பார்க்கலாம்? எந்த அறிவிப்பை எப்போது பார்க்கணும்? விரிவாகப் பார்க்கலாம்.

மார்கழி வந்தாச்சு... மழை போயாச்சா?

ஐப்பசி, கார்த்திகைதான் அடைமழைக் காலம், மார்கழி என்றால் பனிதான் என்பது பலரின் எண்ணம். ஆனால் வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் டிசம்பர் 31 வரை வடகிழக்குப் பருவமழைக் காலம்தான். அதன் பிறகும் மழை உடனே நின்றுவிடுவதில்லை. 2025-ல் பருவமழை விலகியதாக அறிவிக்கப்பட்டது ஜனவரி 27-ம் தேதி. அதாவது பொங்கல் முடிந்து இரண்டு வாரம் ஆகப்போகும் நேரத்தில்.

சீசன் முடியும் நேரம் என்பதற்காகப் புயல் வராமலும் இருக்காது. 2011-ல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது டிசம்பர் 30-ம் தேதி. புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்பு!

தென் மாவட்டங்கள்: ஏன் கூடுதல் கவனம்?

டிசம்பரில் மழையின் மையம் பெரும்பாலும் டெல்டா, தென் மாவட்டங்கள் பக்கம் நகரும். சென்னையில் வெயில் அடிக்கும்போதே தூத்துக்குடியில் கொட்டித் தீர்க்கலாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நடந்ததை மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவானது. தமிழ்நாடு முழுவதும் மூன்று மாதப் பருவமழைக் காலத்தில் இயல்பாகப் பெய்யும் மழையே சுமார் 44 செ.மீ.தான். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்ததால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. சுமார் 800 பயணிகள் சிக்கினர். பலர் இரண்டு இரவுகளை அங்கேயே கழிக்க வேண்டியிருந்தது.

குற்றாலத்துக்கும் இது பொருந்தும். ஐயப்ப பக்தர்கள் வரும் சீசனில் மலையில் மழை வலுத்தால் அருவியில் திடீர் வெள்ளம் வரும், குளிக்கத் தடை போடப்படும். கீழே மழையே இல்லாவிட்டாலும் மேலே பெய்தாலே போதும்.

ஊட்டி, கொடைக்கானல்: மழையா, உறைபனியா?

இரண்டும் வரலாம், ஆனால் பொதுவாக ஒரே நாளில் அல்ல. மேகம் இருக்கும் இரவில் தரையின் வெப்பம் அவ்வளவாக வெளியேறாது. வானம் தெளிந்து காற்றும் அடங்கினால் வெப்பம் வேகமாக வெளியேறும். கனமான குளிர்காற்று பள்ளமான இடங்களில் தேங்கும். அதனால்தான் ஊட்டியில் காந்தல், தலைக்குந்தா போன்ற இடங்களில் புல்வெளி வெள்ளையாகிறது. வெப்பமானி தரையிலிருந்து சுமார் நாலு அடி உயரத்தில் இருப்பதால், அது 3 டிகிரி காட்டும்போதுகூட புல் நுனியில் பனி உறைந்திருக்கலாம்.

மழை நாட்களில் மலைப்பாதையில் மண்சரிவுதான் பெரிய ஆபத்து. மேட்டுப்பாளையம் - குன்னூர் மலை ரயில் இந்த மாதங்களில் அடிக்கடி ரத்தாவதும் இதனால்தான். இரண்டு ஊர்களுக்கும் இ-பாஸ் நடைமுறை 2024 மே மாதம் தொடங்கியது. கிளம்பும் முன் அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

மூடுபனி: டெல்லியில் பனி, சென்னையில் லேட்!

ஒரே விமானம் ஒரு நாளில் பல ஊர்களுக்குப் பறக்கிறது. காலையில் டெல்லி மூடுபனியில் மாட்டினால், மாலையில் சென்னையிலிருந்து மதுரை போக வேண்டிய விமானமும் தாமதமாகலாம். சென்னையில் போகி அன்று புகையும் பனியும் சேர்ந்துகொள்ளும். 2018 போகி காலையில் சென்னை விமான சேவை கடுமையாகப் பாதிக்கப்பட்டது.

காரில் போகிறவர்கள் பனியில் ஹை பீம் போடக்கூடாது. வெளிச்சம் பனித்துளிகளில் பட்டுத் திரும்பி, பாதை இன்னும் மறையும். லோ பீம், குறைந்த வேகம், முன்னால் போகும் வண்டிக்குக் கூடுதல் இடைவெளி... இதுதான் பாதுகாப்பு. முடிந்தால் விடிந்து, பனி விலகியதும் கிளம்பலாம்.

எந்த முன்னறிவிப்பை எப்போது பார்க்கணும்?

* ஒரு மாதம் முன்பு: 'இயல்பை விட அதிக மழை' என்ற நீண்டகாலக் கணிப்பு சீசன் மொத்தத்துக்கானது. உங்கள் பயண நாளைப் பற்றி அது எதுவும் சொல்லாது.
* ஐந்து நாள் முன்பு: வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகிறதா என்று பாருங்கள். மாவட்ட வாரியான எச்சரிக்கையும் வரத் தொடங்கும்.
* கிளம்பும் நாள்: அடுத்த மூன்று மணி நேரத்துக்கான அறிவிப்பைப் பாருங்கள்.

மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் தயார் நிலை, சிவப்பு என்றால் உடனடி நடவடிக்கை. 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கும் மேல் அதி கனமழை. போய்ச் சேரும் ஊரை மட்டுமல்ல, வழியில் வரும் மாவட்டங்களையும் பார்க்கணும்.

ரயில், விமானம் ரத்தானால் பணம்?

ரயிலே ரத்தானால் இ-டிக்கெட்டுக்கு முழுப் பணமும் தானாகத் திரும்பும். ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் பயணிக்கவில்லை என்றாலும் முழுப் பணம் கேட்கலாம். ஆனால் ரயில் உங்கள் ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் முன்பே டிடிஆர் பதிவு செய்ய வேண்டும். மோசமான வானிலையால் விமானம் ரத்தானால் பணமோ மாற்று விமானமோ கிடைக்கும். தனியாக இழப்பீடு கிடைக்காது.

ரயில் தகவலுக்கு 139, பேரிடர் உதவிக்கு மாநில எண் 1070, மாவட்ட எண் 1077. போனில் இப்போதே சேமித்து வையுங்கள். சிவப்பு எச்சரிக்கை வந்தால் பயணத்தை ஒருநாள் தள்ளிப்போடுங்கள். லீவில் ஒருநாள் குறையும், அவ்வளவுதான்.